நாற்பது மார்க் கட்டுரை

"மேடம், அடிஷனல் ஷீட்" என்று வேலுத்தாய் எழுந்து நின்று கேட்டபோது மணி பதினொன்றுகூட ஆகியிருக்கவில்லை. அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த பெத்துராஜ் பேனா மூடியைக் கடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான், ஏனென்றால் அந்த அறையில் அன்று கேட்கப்பட்ட முதல் அடிஷனல் ஷீட் அது, கேட்டவள் அவன் மனைவி. பதினான்கு வருஷமாக மனைவி. அஞ்சல்வழி பி.ஏ.வுக்கு இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே கவுன்டரில் விண்ணப்பம் கொடுத்ததால் பதிவெண்கள் அடுத்தடுத்து வந்துவிட்டன, அன்றைக்கு "நீ முதல்ல குடு" என்று பெருந்தன்மையாக அவளை முன்னே விட்டவன் அவன்தான், அந்தப் பெருந்தன்மையின் பலனாக ஒவ்வொரு பரீட்சைக்கும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதாகிவிட்டது. சாம்பல் நிறப் புடவை, இடது தோளில் ஊக்கு, கழுத்தோரம் வேர்வை, வலது முழங்கை மட்டும் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஓயாமல் அசைகிறது. மேற்பார்வைக்கு வந்திருந்த மேடம் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் வேலுத்தாய் உட்காருவதற்கு முன்பே குனிந்து பதிவெண்ணை எழுதத் தொடங்கிவிட்டாள், உட்காரக்கூட நேரமில்லை அம்மாவுக்கு, அப்படிப் பொத்துக்கொண்டு வருகிறது. எங்கிருந்து வருகிறது? அவன் தன் தாளைப் பார்த்தான். சின்னக் கேள்விகளையெல்லாம் முடித்துவிட்டான், மிச்சம் இருப்பது நாற்பது மார்க் கட்டுரை ஒன்றுதான், அதற்கும் மேலே '5' என்று எண் போட்டு, 'காத்திருத்தல்' என்று தலைப்பு எழுதி, ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்தாகிவிட்டது. கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. அரை மணி நேரமாக ஒன்றுமில்லை.

கட்டுரை அவனுடைய சொத்து, அதில் யாரும் பங்கு கேட்டு வந்ததில்லை இதுவரை. நகராட்சி அலுவலகத்தில் அவன் வெறும் பதிவறை எழுத்தர், பழைய ஃபைல்களைத் தேடி எடுத்துக் கொடுக்கிறவன், ஆனால் யாராவது ஓய்வு பெறுகிற மாதம் வந்தால் ஆணையர் வரைக்கும் "பெத்துராஜைக் கூப்பிடுங்க" என்பார்கள், பிரிவு உபசார மடல் எழுத அவனைவிட்டால் ஆள் கிடையாது. 'பணிக்கடலில் முத்தெடுத்த பண்பாளரே' என்று அவன் தொடங்கினால் ஓய்வு பெறுகிறவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அவர் முப்பது வருஷமாக ஒரு ஃபைலைக்கூட நகர்த்தாதவராக இருந்தாலும் துடைத்துக்கொள்வார். டிகிரி மட்டும் இல்லை, இருந்திருந்தால் எங்கேயோ போயிருக்கலாம் என்று அவனும் நம்பினான் மற்றவர்களும் சொன்னார்கள். நாற்பத்தோரு வயதில் இருபது வயசுப் பிள்ளைகளோடு போய் உட்கார வெட்கமாக இருந்தது, அதனால்தான் அவளையும் இழுத்தான். "துணைக்கு நீயும் சேரு வேலு, பாஸ் ஆகலைன்னா என்ன போச்சு." அவள் அங்கன்வாடியிலிருந்து அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். "எனக்கு என்னங்க எழுத வரும்? பிள்ளைங்க வருகைப் பதிவேடு எழுதுறதுக்கே ரெண்டு தடவ அடிச்சு அடிச்சு எழுதுறேன்" என்றாள். அப்படித்தான் சொன்னாள், அந்த வார்த்தையை அவன் மறக்கவில்லை, அதைச் சொன்ன முகத்தையும் மறக்கவில்லை, சோப்பு நுரை காதோரம் ஒட்டிக்கொண்டிருந்த முகம், அந்த முகம் எங்கே போயிற்று, இந்த முழங்கைக்காரியிடமிருந்து அந்த முகத்தை யார் வாங்கிக்கொண்டார்கள். அவனேதான் வாங்கிக்கொண்டான். முதல் வருஷம் கட்டுரை என்று நோட்டைத் திறந்தாலே உடனே மூடிவைத்துவிடுவாள், ஒருநாள் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நோட்டின் மேலேயே அழுதுவிட்டாள். அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். "தலைப்பப் பாத்து பயப்படாத. அதுகிட்ட அஞ்சு கேள்வி கேளு. யாரு, எங்க, எப்ப, ஏன், அப்புறம் என்ன ஆச்சு. அஞ்சுக்கும் ரெண்டு ரெண்டு வரி எழுதினா ஒரு பக்கம் ஆச்சா?" அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். "முத வரி வரலைன்னா விட்டுரு. மூணாவது வரியில இருந்து ஆரம்பி. முத வரி பின்னாடியே வந்து சேந்துக்கும்." "தப்பா வந்தா?" "அடிச்சுட்டுப் போ. பேனா மட்டும் நிக்கக் கூடாது." இன்னொன்றும் சொன்னான். உனக்குத் தெரிஞ்ச யாராவது ஒரு ஆளு எதிர்ல உக்காந்திருக்காங்கன்னு நெனச்சுக்க, அந்த ஆளுக்குச் சொல்ற மாதிரி எழுது, பரீட்சை திருத்துற வாத்தியார நெனைக்காத. ஏதோ ஒரு கையேட்டில் படித்தது, அவன் தனக்கு அதையெல்லாம் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை, அவனுக்குத் தேவைப்பட்டதில்லை, அவனிடம்தான் பணிக்கடலும் முத்தும் எப்போதும் கைவசம் இருந்தனவே. ஆனால் அவள் ஒவ்வொன்றையும் செய்தாள். காலண்டர் தாள்களைக் கிழித்து அடுக்கி வைத்துக்கொண்டு, பருப்பு வேகிற நேரத்தில் பின்பக்கத்தில் எழுதினாள், எழுதி எழுதி அவனிடம் காட்டினாள், "இது சரியா பாருங்க", "இதுக்கு மேல என்ன எழுதலாம் சொல்லுங்க." அந்த ஆறு மாதம்தான் அவன் வாழ்க்கையில் அவனுக்கே அவனைப் பிடித்திருந்த காலம். ஆபீஸ் விட்டதும் நேராக வீட்டுக்கு வந்தான். டீக்கடையில் நிற்கவில்லை. பிறகு ஒருநாள் அவள் காட்டுவதை நிறுத்திவிட்டாள்.

எப்போது நிறுத்தினாள் என்பது அவனுக்குத் தெரியும். தெரியாத மாதிரிதான் இத்தனை நாள் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்பில் கிரேஸ் மேடம் எல்லோரையும் 'என் வேலை' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார், எழுதியதை வாங்கிப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒன்றை எடுத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். 'மத்தியானம் சாப்பிட்டதும் இருபத்திரண்டு பிள்ளைகளும் வரிசையாகத் தூங்கும். ஒரு பிள்ளை புரண்டால் வரிசை முழுக்கப் புரளும். அந்த நேரம் நான் மூச்சு விடுவதுகூடப் பார்த்துத்தான்.' பெத்துராஜ் அதைக் கேட்டுக்கொண்டே, யாரோ நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று, நிஜமாகவே, மனதார நினைத்தான். அதுதான் கேவலம். முழுசாக நாலு வரி, பொறாமை இல்லாமல் ரசித்துவிட்டான். அப்புறம் மேடம் "வேலுத்தாய் யாரு?" என்றார். பக்கத்திலிருந்து அவள் எழுந்து நின்றாள். கைதட்டினார்கள், அவனும் தட்டினான், உள்ளங்கை எரிகிற மாதிரி தட்டினான், தட்டிக்கொண்டே யோசித்தான், மேடம் அடுத்தது தன்னுடையதைப் படிப்பார் என்று, 'தொழிலே தெய்வமெனக் கொண்ட தூயவர் வாழும் திருநாட்டில்' என்று அழகாகத் தொடங்கியிருந்தான், மேடம் அதை எடுத்தார், பார்த்தார், கட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் சந்தோஷத்தை மடியில் மூடிவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். "என்கிட்ட காட்டியிருந்தா அந்த ரெண்டாவது வரிய இன்னும் நல்லாப் பண்ணியிருக்கலாம்" என்று அவன் சொன்னான். அவள் "ம்" என்றாள். அன்றிலிருந்து காட்டவில்லை. காலண்டர் தாள்களை எங்கே வைக்கிறாள் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. ஒருமுறை தேடினான், அரிசி டின்னுக்குப் பின்னால், பீரோவுக்கு மேலே, தலையணை உறைக்குள், கள்ளக் கடிதம் தேடுகிறவன் மாதிரி. கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பான்? இன்னொரு ஆண் எழுதிய கடிதமாக இருந்திருந்தால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், கத்தியிருக்கலாம், இவள் வேலைக்குப் போனதே தப்பு என்றிருக்கலாம், இது அவள் தனக்கே எழுதிக்கொள்வது, இதற்கு என்னவென்று கத்துவது.

மின்விசிறி டக் டக்கென்று ஒரு பக்கமாக இடித்துக்கொண்டு சுற்றியது. கரும்பலகையில் மேடம் நேரத்தை அழித்துவிட்டு 11.15 என்று எழுதினார். பெத்துராஜ் வினாத்தாளை மறுபடி எடுத்தான். சுற்றுச்சூழல் மாசும் நம் கடமையும். நூலகத்தின் பயன். ஊடகங்களும் இளைஞர்களும். உழவின் இன்றைய நிலை. இவை நான்கில் எதை எடுத்திருந்தாலும் அவன் இந்நேரம் பத்துப் பக்கம் தாண்டியிருப்பான், முன்னுரை முதல் முடிவுரை வரை மனப்பாடம், சுற்றுச்சூழலுக்கு ஒன்று, உழவுக்கு ஒன்று, ஊடகத்துக்கு மட்டும் இரண்டு முன்னுரை வைத்திருந்தான். ஐந்தாவதைத் தொடக்கூடாது, அது வாத்தியார்கள் விரிக்கிற வலை என்று அவளுக்கே சொல்லிக்கொடுத்தவன் அவன். ஆனால் காலையில் வினாத்தாள் கொடுத்ததும் முன்னால் அவள் தலை நிமிர்ந்தது, ஜன்னல் பக்கம் சற்றுச் சாய்ந்தது, அந்தச் சாய்வு அவனுக்குத் தெரியும், அடுப்படியில் காலண்டர் தாளை எடுப்பதற்கு முன்னால் அப்படித்தான் சாய்வாள், ஐந்தாவதைத்தான் எடுக்கிறாள் என்று அவனுக்குச் சத்தியமாகத் தெரிந்தது, சின்னக் கேள்விகள் முடிந்ததும் அவன் பேனா தானாகப் போய் 5 என்று எழுதிவிட்டது. அவளுக்கு வருமென்றால் எனக்கு வராதா. இப்போது கோடு இழுத்த தலைப்பை அடிப்பதா? அடிக்கலாம். அடித்துவிட்டுச் சுற்றுச்சூழலுக்குப் போகலாம், இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம் இருக்கிறது. அடித்தால் இந்த அறையில் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவனுக்குத் தெரியும். சரி, அஞ்சு கேள்வி கேட்டுப் பார், யார் காத்திருந்தது? வேலுத்தாய் காத்திருந்தாள். அவனுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது வெளியே நின்றது அவள். எங்கே? அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில், குழாயடிக்குப் பக்கத்தில். அடித்துவிடு, அது அவளுடையது. வேறு. பிள்ளைக்காக ஏழு வருஷம் காத்திருந்தது? அதுவும் அவள்தான், அவன் காத்திருக்கவில்லை, அவன் மறந்திருந்தான், யாராவது கேட்டால்தான் அவனுக்கு நினைவு வரும், அவள் மாதா மாதம் தேதியை எண்ணிக்கொண்டிருந்தாள். பிரசவத்தின்போது? அவன் டீ குடிக்கப் போயிருந்தான், திரும்பி வந்தபோது மகளைத் துடைத்து வைத்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில், மழையில், சினிமா தியேட்டர் வாசலில், ரேஷன் கடையில், அவன் பூட்டிக்கொண்டு போன வீட்டுக்கு வெளியே படியில், எங்கே தேடினாலும் அங்கே முன்னாலேயே போய் அவள் நின்றுகொண்டிருக்கிறாள், கையில் பையோடு, வந்துவிட்டீர்களா என்கிற முகத்தோடு. அவன் ஒரு தடவைகூடக் காத்திருந்ததில்லை. நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடவா? அவனுக்காகத்தான் எல்லோரும் காத்திருந்திருக்கிறார்கள், முதலில் அம்மா, பிறகு இவள். காத்திருத்தலைக்கூட இவளே மொத்தமாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள், பங்காகக் கொஞ்சம்கூட விட்டுவைக்கவில்லை என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. அநியாயமான ஆத்திரம் என்று தெரிந்தும் வந்தது. இப்போது அந்த வராந்தாவைத்தான் எழுதிக்கொண்டிருப்பாள். குழாயடியை. உள்ளே கத்தி வைத்துக் கிழித்தது அவன் வயிற்றை, மார்க் அவளுக்கு.

"மேடம், அடிஷனல் ஷீட்." மறுபடி. இரண்டாவது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மார்க் என்று நினைத்திருக்கக்கூடாது, நினைத்தால் அது வந்துவிடும், நாலு மாதமாக அதைத்தான் கிட்ட வரவிடாமல் வைத்திருந்தான், இப்போது வந்துவிட்டது. போன பரீட்சையில் இதே கட்டுரைப் பாடத்தில் அவளுக்கு எழுபத்தொன்று, அவனுக்கு ஐம்பத்தெட்டு. ரிசல்ட் வந்த மறுநாள் ஆபீஸில் சௌந்தரபாண்டி, வரிவசூல் பிரிவில் இருப்பவர், "என்ன மாப்ள, ரிசல்ட் வந்துருச்சாமே, எம்புட்டு?" என்று கேட்டார். "எழுபத்தொண்ணு" என்று அவன் வாய் சொன்னது. "தங்கச்சி?" "அம்பத்தெட்டு." அவ்வளவுதான், அதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பொய் சொல்கிறோம் என்ற யோசனைகூட இல்லை, இரண்டு எண்ணையும் இடம் மாற்றி வைத்தான், ஃபைலை ரேக்கில் மாற்றி வைப்பது போல. அது அங்கேயே கிடந்து மட்கிப்போயிருக்கும். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையில் சௌந்தரபாண்டி எதிரில் வந்தார், இவனும் இருந்தான், அவளும் இருந்தாள், கத்திரிக்காய்ப் பை அவள் கையில் இருந்தது. "என்ன தங்கச்சி, அம்பத்தெட்டாமே? பரவால்ல, பரவால்ல, பாஸானதே பெருசு. மாப்ள எழுபத்தொண்ணு வாங்கியிருக்கான், அடுத்த தடவ அவன்கிட்டயே நல்லாக் கத்துக்க." பெத்துராஜ் தக்காளிக் குவியலைப் பார்த்தான். ஒவ்வொரு தக்காளியாகப் பார்த்தான். ஒரு தக்காளியில் காம்பு ஒடியாமல் இருந்தது. அவள் ஒரு கணம், ஒரே ஒரு கணம், பையைக் கை மாற்றினாள். "ஆமாண்ணே" என்றாள். அப்புறம் கடைக்காரரிடம் திரும்பி, "கறிவேப்பில கொஞ்சம் சேத்துப் போடுங்க" என்றாள். வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை. அன்றிரவும் கேட்கவில்லை, அடுத்த வாரமும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அந்த ஆமாண்ணேயை அவன் எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டான், அதில் கோபம் இருந்ததா, கேலி இருந்ததா, போனால் போகட்டும் பாவம் என்று போட்ட பிச்சையா? எழுபத்தொன்றை அப்படி நடுச்சந்தையில் ஒரு நொடியில் விட்டுக்கொடுக்க முடிகிறதென்றால் இவளிடம் இன்னும் எவ்வளவு இருக்கிறது? இல்லாதவன்தானே எழுபத்தொன்றை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். மார்க்கின் மேல் இருந்த பொறாமையாவது சின்னது, படித்தால் தீர்ந்துவிடும். அந்த ஆமாண்ணேயின் மேல் வந்த பொறாமைக்குத்தான் மருந்து தெரியவில்லை, அதைச் சொல்ல அவனுக்கு வருமா, அவன் இடத்தில் அவள் இருந்து, அவள் இடத்தில் அவன் இருந்தால், வருமா? வராது. சௌந்தரபாண்டியின் சட்டையைப் பிடித்து நிறுத்தி, யோவ், எழுபத்தொண்ணு எனக்கு என்றிருப்பான்.

அப்போது முழங்கை நின்றது. முதலில் அவன் நம்பவில்லை. நின்றுதான் விட்டது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள், பேனாவை டெஸ்க்கில் வைத்தாள், கை இரண்டும் மடிக்குப் போயின. ஒரு நிமிஷம் ஆயிற்று. அவன் கரும்பலகைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தான், முள் நகர்வது தெரிந்தது. இரண்டு நிமிஷம். அடைத்துவிட்டது. தீர்ந்துவிட்டது. இனி வராது. வயிற்றுக்குள் இளஞ்சூடாக ஏதோ பரவியது, காய்ச்சல்காரனுக்கு முதல் வாய்க் கஞ்சி இறங்குகிற மாதிரி, எவ்வளவு இதமாக இருந்தது, அவன் கால்களைக்கூட நீட்டிக்கொண்டான். மூன்று நிமிஷம். அவள் தோள் சற்றே குனிந்தது, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து அமுக்குகிறாள், வலிக்கிறது போல, வலிக்கட்டும், அப்படியே இருக்கட்டும், மணி அடிக்கிற வரைக்கும் அந்தப் பேனா அங்கேயே கிடக்கட்டும், கடவுளே, அவள் எடுக்கக்கூடாது. கடவுளே என்ற வார்த்தை தன் மனதுக்குள் எழுந்ததை அவனே கேட்டான். மகளுக்கு டைபாய்டு வந்தபோதுகூட அவன் கடவுளே என்று சொல்லவில்லை, சாமியெல்லாம் அவள் வேலை என்று விட்டிருந்தான். அவன் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டான். பயமாக இருந்தது. இத்தனை பேர் எழுதுகிற அறையில், பட்டப்பகலில், தன் பெண்டாட்டியின் கை நின்றுபோக வேண்டும் என்று சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கிறான் ஒருத்தன், அவன் இவன்தான், இதைப் போய் யாரிடம் சொல்வது, யாருக்கு எதிரில் உட்கார்ந்து சொல்வது. எதிரில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. அவன் பேனாவை எடுத்தான். 'நான் இப்போது காத்துக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதினான். படித்துப் பார்த்தான். அடுத்ததை எழுதினான். 'எனக்கு முன்னால் எழுதிக்கொண்டிருப்பவளின் பேனா நின்றுபோக வேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். அவள் என் மனைவி. அவளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவன் நான்.'

அதற்குப் பிறகு அவள் எப்போது மறுபடி எழுதத் தொடங்கினாள் என்று அவன் பார்க்கவில்லை. முன்னுரை இல்லை, பணிக்கடல் இல்லை, முத்தில்லை, அவனுக்குப் பழக்கமான வார்த்தை எதுவும் உதவிக்கு வரவில்லை, வந்தவற்றையும் அடித்துவிட்டுப் போனான், அடித்தல் திருத்தலாகத் தாள் அசிங்கமாகிக்கொண்டு வந்தது, கையெழுத்து அவன் கையெழுத்து மாதிரியே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவை எழுதினான், உள்ளே மயக்கத்தில் கிடந்தவன் வெளியே நின்றவளைப் பற்றி என்ன எழுத முடியும், தெரியாது என்றே எழுதினான், 'அங்கே அவள் எத்தனை மணி நேரம் நின்றாள் என்று நான் இதுவரை கேட்டதில்லை' என்று எழுதினான். தக்காளிகளை எழுதினான். எழுபத்தொன்றையும் ஐம்பத்தெட்டையும் எழுதினான், எழுதும்போது காது சூடானது, திருத்துகிறவர் யாரோ எந்த ஊரோ, இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார், இல்லை இவனைப் போன்ற ஒருத்தராக இருந்து பேசாமல் மார்க்கைப் போட்டுவிட்டு அடுத்த கட்டை எடுப்பார். பொறாமை தீர்ந்ததாக எழுதவில்லை, ஏனென்றால் தீரவில்லை. கடைசிப் பக்கத்தில் முடிவுரை என்று எழுதக் கை போனது, எழுதவில்லை. மணி அடித்தது. பாதி வாக்கியத்தில் மேடம் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார்.

வெளியே வேப்பமரத்தடியில் ஆளாளுக்கு வினாத்தாளை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். வேலுத்தாய் குழாயில் முகத்தைக் கழுவிவிட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள். "நடுவுல கை இழுத்துப் பிடிச்சுக்கிச்சுங்க. விரல மடக்கவே முடியல. அஞ்சு நிமிஷம் சும்மாவே உக்காந்திருந்தேன்." "பாத்தேன்" என்றான். "நீங்க எதை எழுதினீங்க?" "நீ சொல்லு முதல்ல." "சுற்றுச்சூழல்தான். நீங்க குடுத்த முன்னுரைய அப்படியே போட்டுட்டு, அப்புறம் எங்க அங்கன்வாடிக்குப் பின்னால ஓடுற சாக்கடை இருக்குல்ல, அதையே பன்னெண்டு பக்கம் எழுதிட்டேன்." அவள் சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. சாக்கடை. அந்த வராந்தாவை அவள் தொடவே இல்லை. காலையிலிருந்து அவன் பொறாமைப்பட்ட கட்டுரை எழுதப்படவே இல்லை. "நான் அஞ்சாவது" என்றான். "அய்யய்யோ, அதத் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? காத்திருக்கிறதப் பத்தி என்ன எழுதினீங்க?"

"எழுபத்தொண்ணப் பத்தி எழுதினேன்" என்றான் அவன். அவள் துடைப்பதை நிறுத்தினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், ஆபீஸில் சொன்னதை, ஏன் சொன்னான் என்பதை, ஏன் என்பது இன்னும் சரியாகத் தெரியவில்லை என்பதை. கொஞ்சமாகத்தான் சொல்ல முடிந்தது, தாளில் வந்தது வாயில் வரவில்லை. "அன்னைக்கு நீ என்னைக் காட்டிக்கொடுக்கல. ஆமாண்ணேன்னு சொன்ன. அத என்னால தாங்க முடியல வேலு." அழப்போகிறாள் என்று நினைத்தான். நிமிர்ந்து பார்த்தபோது அவள் முகத்தில் இருந்தது கோபம், நாலு மாதத்துக் கோபம், இப்போதுதான் வெளியே வர இடம் கிடைத்திருந்தது. "உங்களுக்காகச் சொன்னேன்னு நெனச்சீங்களா?" என்றாள். "எழுபத்தொண்ணு எனக்குத்தான்னு சொல்ல வாயத் தொறந்தேங்க. தொறந்தேன். அந்த அண்ணன் நம்பமாட்டாருன்னு தோணுச்சு. இவளா, எழுபத்தொண்ணான்னு சிரிச்சுருவாருன்னு. அதான் ஆமான்னுட்டேன். வீட்டுக்கு வந்து மார்க் ஷீட்ட எடுத்து மறுபடி பாத்தேன், நெசமாவே எனக்குத்தான் போட்டுருக்காங்களா, பேர மாத்திப் போட்டாங்களான்னு. பாருங்க, எனக்கே அப்படித் தோணிருச்சு." அவள் முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். "எழுதுறதுக்கு தைரியம் குடுத்தீங்க. எழுதினது நாந்தான்னு சொல்லிக்கிற தைரியத்த நீங்களே எடுத்துக்கிட்டீங்க."

வேப்பம்பழம் ஒன்று அவர்களுக்கு நடுவில் விழுந்தது, இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பிச்சை என்று நினைத்தான், பெருந்தன்மை என்று நினைத்தான், நாலு மாதம் அதைப் போட்டுப் புரட்டினான், பயம் என்று ஒரு தடவைகூட அவனுக்குத் தோன்றவில்லை. அந்தப் பயத்தை அவன் நன்றாக அறிந்திருக்க வேண்டும், அவனிடமும் இருப்பது அதுதானே. "நாளைக் கழிச்சு ஆபீஸ்ல சௌந்தரபாண்டிகிட்டச் சொல்லிடறேன்" என்றான் கடைசியில். "சும்மா வாயில சொல்லாதீங்க. என் மார்க் ஷீட்ட எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க." "சரி." "அந்த அண்ணனுக்கு மட்டுமில்ல. எத்தன பேருக்குச் சொன்னீங்களோ அத்தன பேருக்கும்." அவன் மனதுக்குள் எண்ணிப் பார்த்தான். ஆறு பேர், டீக்கடைக்காரரோடு சேர்த்தால் ஏழு. "சரி" என்றான்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். மறுநாள் வரலாற்றுத் தாள். டிக்கெட் வாங்கியதும் பையிலிருந்து பாடப் புத்தகத்தை எடுத்து மடியில் விரித்துக்கொண்டாள், ஒருத்தி பக்கத்தில் புருஷனை வைத்துக்கொண்டு இப்படி ஒன்றும் பேசாமல் படிக்கலாமா என்று பக்கத்து சீட்டுக்காரர் பார்த்தார். அவள் கோபம் இறங்கவில்லை, தோள் அவன் மேல் படாமல் ஒதுங்கித்தான் இருந்தாள், ஆனால் புத்தகத்தை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தாள். அவன் அதைப் பார்த்தான். மெதுவாகக் குனிந்து, அவள் விரல் ஓடிய வரியிலிருந்து படிக்கத் தொடங்கினான். மூன்றாவது பத்தி வந்தபோது அவள் பக்கத்தைத் திருப்பினாள். அவன் இன்னும் முடிக்கவில்லை. "இரு வேலு" என்றான், "எனக்கு இன்னும் ரெண்டு வரி இருக்கு." அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தைப் பழையபடி புரட்டி, விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.